பிஸ்கட் டின்

பூம்பாறையில் இறங்கியதும் மொக்கராசு
டீ வேணுமா என்று கேட்பதில்லை.
கையை நீட்டுவார்.
போனை அணைத்துக் கொடுப்பேன்,
பேட்டரி கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுப்பேன்.
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின்,
மூடியில் சாயம் போன கிளி.
வத்தலக்குண்டுக் கிளை மேலாளர்,
மோதி நசுங்கிய லாரிகளின் நானூறு படங்கள்,
கட்டவேண்டிய தவணை எல்லாம்
திங்கள்வரை அதற்குள் வாய்மூடிக் கிடக்கும்.

பிறகு கூக்காலுக்கு ஜீப்.
பூண்டு வயல்கள் வழியே கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் நடை.
ஜெசிந்தா வாசலிலேயே என் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பாள்.
"குடிகாரன் பொண்டாட்டி மாதிரி ஆயிட்டேன்ல?"
கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

மெயினைப் பிடுங்கிய வீடு.
மீட்டர் பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறது.
விளக்கு, விறகு, ஈரம்.
சென்னையிலிருந்து மகன் ஒருமுறை கேட்டான்,
"இன்லாண்டு லெட்டர் இப்பவும் விக்கிறாங்களாப்பா?"
வாங்கி, நான்கு வரி எழுதினான்.
அதை அவள் அரிசிப்பானைக்குள் வைத்திருக்கிறாள்.

மதுரையில் பதினோரு வருடம்
ஜவுளிக்கடையில் பில் போட்டவள்.
ஒரு ஆடி மாதத்தில் தொடங்கியது.
பக்கத்து வீட்டு ரூட்டர் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் கேட்டது.
மேலே ஒருவர் போன் பேசினால்
கீழே இவளுக்கு நெற்றிப்பொட்டு கொதித்தது.
ஸ்கேன் குழாய்க்குள் போனவள் அலறிக்கொண்டு வெளியே வந்தாள்.
மூன்று மருத்துவர்கள், மூன்று கோப்புகள்,
மூன்றிலும் நார்மல்.
அந்தச் சொல்லைச் சொன்ன யாரையும்
அவள் இன்னும் மன்னிக்கவில்லை.
நான் சொன்னது ஒரே ஒருமுறைதான்.

போன ஜனவரி. புல்லெல்லாம் உறைபனி.
மொக்கராசு கடையில் பூட்டு,
மகள் சடங்குக்குப் பெரியகுளம் போயிருந்தார்.
அணைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
கோட்டின் உள்பையில் போட்டேன்,
அவள் தலைமாட்டு ஆணியில் கோட்டை மாட்டினேன்.

அன்று தூங்கினாள்.
குறட்டை விட்டாள்.
கேரட் மூட்டை ஏற்றும் லாரி ஹாரன் அடித்தும் எழவில்லை.
"இப்படித் தூங்கி எவ்வளவு நாளாச்சு"
கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள்,
முகம் கழுவிய குழந்தைபோல் இருந்தது.
பல்துலக்கப் போன இடத்தில்தான் பைக்குள் கை விட்டேன்.
ராத்திரி முழுக்க சிக்னல் தேடித் தேடிச்
சுட்டுக் கிடந்தது போன்.

என் தொழிலே இதுதான்.
கீறல் எந்தக் கோணத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து
இழப்பீடு இல்லை என்று எழுதுவேன்,
கீழே கையெழுத்து, முத்திரை.
சாட்சி கையில் சூடாக இருக்கிறது.
இதைக் காட்டினால் மாலைப் பேருந்தில் ஊருக்கே கூட்டிப்போகலாம்.
அல்லது
இந்த ஒரு ராத்திரியையும் அவளிடமிருந்து பிடுங்கிவிடலாம்.
வேலியோரம் நெடுநேரம் நின்றேன்.
பிரஷ்ஷில் பேஸ்ட் காய்ந்துபோனது.
உள்ளே போய்க் காபி போட்டேன்.

மார்ச்சில் எதிர்ச் சரிவில் கம்பிக்கோபுரம் எழும்பியது.
சிவப்பும் வெள்ளையுமாக,
யூக்கலிப்டஸ் உச்சிகளைத் தாண்டி.
நான் போன சனிக்கிழமை அவள் சுருண்டு கிடந்தாள்,
வாந்தி வாளி பக்கத்தில்.
ஈரத்துணியைப் பிழிந்து போட்டேன்.
சொல்வதா வேண்டாமா என்று நான் கணக்குப் போடும்போதே
அவள் சொன்னாள்,
"அதுக்கு இன்னும் கரண்டு குடுக்கலையாம்.
பால்காரர் சொன்னாரு.
எனக்கும் தெரியும்.
தெரிஞ்சும் வலிக்குது."

துணிக்கு அடியில், என் கட்டைவிரலுக்குக் கீழே,
நெற்றிப்பொட்டு
அடித்துக்கொண்டேயிருந்தது.
எண்ணிப்பார்க்க என்னிடம் கடிகாரம் இல்லை.

கொஞ்சம் கழித்து, கண் திறக்காமலே,
"அந்தக் கோட்டை மட்டும்
இனிமே வெளியில மாட்டுங்க" என்றாள்.